சந்தனப் பொட்டு வைத்த அட்டைகள்

சூடான காகிதத்தின் வாசனை மூக்கில் பட்டால் போதும், நீ வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறாய். நேற்றுச் சாயங்காலமும் வந்தாய்.

பேத்தி மழையில் நனைந்து வீடு வந்தாள். காவேரிப் பாலத்தில் வரும்போதே பிடித்துக்கொண்டதாம். தலையைக்கூடத் துவட்டாமல் பையைக் கவிழ்த்து, ஓரமெல்லாம் ஈரமாகிச் சுருண்டுபோன தாள்களைக் கூடத்தில் பரப்பினாள். திங்கட்கிழமை கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் அவள் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் அங்கேயே வேலை. தாள்கள் எல்லாம் அவள் கைப்பட வரைந்த படங்கள். மறுபடி வரைய நேரமில்லை என்று கரண்ட் இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, ஒவ்வொன்றாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

முதல் தாளில் கொட்டை எழுத்தில் 'கணினி மென்பொருள்: அறிமுகமும் முக்கிய வகைகளும்' என்று இருந்தது. படித்தது ஐந்தாம் வகுப்பு என்றாலும் நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் இல்லை, அது உனக்குத் தெரியும். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிசையாகப் படித்தேன். வன்பொருளைக் கையால் தொடலாம், மென்பொருளைத் தொட முடியாது என்று ஓரிடத்தில் எழுதியிருந்தாள்.

"நான் தொட்டிருக்கேன்டி. இஸ்திரி போட்டுக்கூடக் குடுத்திருக்கேன்" என்றேன்.

"சாஃப்ட்வேரையா? சரி பாட்டி, நீ போய் ஒரு காபி போடு" என்று சிரித்தாள்.

காபியைப் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவளுக்குச் சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. ஆனால் அதை முதலில் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

பாலக்கரையில் நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். நீ மாதா கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். என் அப்பா காந்தி மார்க்கெட்டில் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் விற்றவர். ஐந்தாவது முடிந்ததும், அம்மாவுக்குக் கைக்குழந்தை என்று என்னை நிறுத்திவிட்டார்கள். ஆறாம் வகுப்பின் முதல் நாள் நீ அழுதுகொண்டே தனியாகப் போனாய் என்று உன் அம்மா வந்து சொன்னார்கள். அன்றைக்கு நான் அழவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, நீ திரும்பி வரும் வழியில் நின்றேன். நீ வந்ததும் அன்று நடத்திய பாடத்தை எல்லாம் எனக்கு ஒப்பித்தாய். கொஞ்ச நாள் அப்படியே நடந்தது. பிறகு பாடங்கள் கடினமாகிவிட்டன, தம்பியும் கனத்துவிட்டான்.

எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அடையவளஞ்சான் தெருவில் வீடு. அவருக்கு ராயகோபுரத்துப் பக்கம் தையல்கடை. அவர் வெட்டித் தைப்பார், நான் வீட்டிலிருந்தபடியே காஜா எடுத்துப் பொத்தான் தைத்துக் கொடுப்பேன். நீ பள்ளிக்கூடம் முடித்து, டைப் கற்று, திருச்சியில் ஒரு பெரிய ஆபீஸின் கணக்குப் பிரிவில் மெஷின் ரூமில் சேர்ந்தாய். டைப் மெஷின் மாதிரியே ஒன்று, ஆனால் அடித்தால் எழுத்து விழாது, அட்டையில் ஓட்டை விழும் என்றாய். எனக்குச் சிரிப்பாக இருந்தது. "நானும் நாள் பூரா துணியில ஓட்டைதான் போடறேன். உனக்கு மட்டும் ஆபீஸ்ல ஃபேன் போட்டுக் குடுக்கறாங்களா?" என்று கேட்டேன்.

"உன் ஓட்டையில பொத்தான் போகும். என் ஓட்டையில ஒரு ஆளோட ஒரு மாசச் சம்பளமே போகும்டி" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து பஸ் பிடித்து நேராக இங்கே வந்துவிடுவாய். ஆபீஸில் வீணாய்ப்போன அட்டைகளைக் கொண்டுவருவாய். என்ன அருமையான அட்டை அது! வளைத்தால் வளையும், விட்டால் நிமிரும். ஒரு மூலை மட்டும் சாய்வாக வெட்டியிருக்கும். அவர் அதைச் சட்டைப்பை அளவுக்கு வெட்டி வைத்துக்கொள்வார். நான் நூல் சுற்றி வைப்பேன். உன் பின்னலில் எப்போதும் அரிசிக் குருணையைவிடப் பொடியாக, நீளச் சதுரமாக இரண்டு மூன்று காகிதத் துணுக்குகள் ஒட்டியிருக்கும். ஓட்டை போட்டதில் விழுந்தவை. எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிடும்போது அவற்றைப் பொறுக்குவது என் வேலை. நீ ஊரைவிட்டுப் போன பிறகு ரொம்ப நாள் கழித்து, பாயை உதறும்போது ஒன்று விழுந்தது. அதைப் பெருக்கித் தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் மாமியாரை நினைத்துக்கொள்கிறாயா? முதல் தடவை நீ வந்தபோது, நெற்றியில் பொட்டில்லாத பெண் என்று உன்னையே உற்றுப் பார்த்தார். இரண்டாம் தடவை அவர் வைத்த வத்தக்குழம்பை நீ கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை உன் பஸ் தாமதமானால் என்னைவிட அவர்தான் அதிகமாக வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார்.

அறுபதுகளின் நடுவில் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தாய். மெட்ராஸ் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் என்று ஒன்று வருகிறது. உங்கள் மெஷின் எல்லாம் ஒவ்வொன்றும் ஒரு வேலைதான் செய்யும். ஒன்று ஓட்டை போடும், ஒன்று அடுக்கும், ஒன்று கூட்டும். இது எல்லா வேலையும் செய்யும், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொரு படியாக முன்னாலேயே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படி எழுத ஆள் பொறுக்குகிறார்கள். உன்னையும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது உன் முகத்தில் இருந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. சாஃப்ட்வேர் என்ற வார்த்தையை நீ சொல்லி நான் கேட்டதில்லை. புரோகிராம் என்றுதான் சொல்வாய். அதைச் சொல்லும்போதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்துகொள்வாய்.

பயிற்சிக்குப் போனவர்கள் ஆளுக்கு ஒரு புரோகிராம் எழுதி, அட்டையில் ஓட்டை போட்டு, மெட்ராஸுக்குக் கொண்டுபோய் அந்த மெஷினில் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓடினால் மெட்ராஸில் வேலை. ஓடாவிட்டால் திருச்சியிலேயே பழைய இடம். உனக்கோ பழைய இடமும் கிடையாது. உன் அண்ணன் தீர்த்துச் சொல்லியிருந்தார்: "மெட்ராஸ் கிடைச்சா போ, நான் தடுக்கல. கிடைக்கலன்னா வேலையை எழுதிக் குடுத்துட்டு, நான் காட்டற இடத்துல கழுத்தை நீட்டு." மணப்பாறையில் ஒருவரைப் பார்த்தும் வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். நல்லவராகத்தான் இருந்திருப்பார். ஆனால் அவரைப் பற்றிப் பேசும்போது நீ புடவைத் தலைப்பின் நூலை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாய்.

ஆயுத பூஜை வந்தது. மறுநாள் காலையில் நீ மெட்ராஸில் இருக்க வேண்டும், ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. ஆபீஸில் முதல் நாளே பூஜை. மெஷின்களுக்கு எல்லாம் பியூன் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வருவார், கண்ணில் பட்ட எதையும் விடமாட்டார் என்று பயந்து, உன் அட்டைக்கட்டைக் கைப்பையில் மறைத்து எடுத்துவந்துவிட்டாய். உன் வீட்டில் அண்ணன் பிள்ளைகள் கையை வைக்கும். அதனால் பூஜையன்று காலையில் பெட்டியும் கையுமாக இங்கே வந்தாய். இங்கிருந்தே ரயிலுக்குப் போவதாக ஏற்பாடு.

பியூனிடமிருந்து தப்பித்து என் மாமியாரிடம் வந்து சேர்ந்தாய், அதுதான் வேடிக்கை.

கட்டைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு, பொரியும் பூவும் வாங்க நாம் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனோம். கூட்டமான கூட்டம். திரும்பி வந்து பார்த்தால் கூடத்தில் பூஜை களைகட்டியிருந்தது. தையல் மெஷின், கத்தரிக்கோல்கள், இஸ்திரிப் பெட்டி, அளவு டேப், என் ஊசி டப்பா, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அதற்கு முன்னால் வாழையிலைகளை விரித்து, அப்பளம் காயவைக்கிற மாதிரி, உன் அட்டைகள். ஒவ்வோர் அட்டைக்கும் நடுவில் ஈரச் சந்தனம் பெரிய பொட்டாக, அதன்மேல் குங்குமம்.

"ஒண்ணைக்கூட விடல பாப்பா" என்றார் மாமியார். முகமெல்லாம் பூரிப்பு. "உன் பொழைப்பு இதுலதானே இருக்கு? ஒண்ணுக்கு வச்சு ஒண்ணுக்கு விட்டா அது கோவிச்சுக்காதா?"

நீ சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். உனக்குப் பதில் நான்தான் அவரிடம் கேட்டேன், இதை எல்லாம் இன்றைக்கே ஊருக்குக் கொண்டுபோக வேண்டுமே, என்ன செய்வது என்று. நீ மெதுவாக விஷயத்தைச் சொன்னாய். ஈரம் பட்டால் அட்டை உப்பிவிடும். உப்பினால் மெஷின் வாயில் சிக்கும். சந்தனம் ஓட்டையை அடைத்தால் மெஷின் அங்கே ஓட்டையே இல்லை என்று படித்துவிடும். ஒன்று தப்பானாலும் போயிற்று.

மாமியார் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் அவருடைய கவலை வேறு. பூஜையில் வைத்ததை மறுநாள் புனர்பூஜை முடிகிற வரைக்கும் தொடக்கூடாது. இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அதற்கு மேலும் ஒன்று உண்டு என்பது உனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"உன் மாமனார் ஒரு வருஷம் பூஜையன்னைக்கு அவசரம்னு கத்தரிக்கோலை எடுத்தாரு" என்றார் என்னைப் பார்த்து. "அடுத்த பூஜைக்கு அவரு இல்ல."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், என் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். அம்மாவும் நீங்களும் ஆயிற்று என்பது போல ஒரு பார்வை. நீ தலையைக் குனிந்தபடி, "விடுடி. மணப்பாறையும் ஊருதானே" என்றாய். உனக்காகப் பேச வேண்டும் என்று நான் எழுவதற்குள் மாமியாரே உன் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் எதுக்குப் பொட்டு வச்சேன்னே எனக்குத் தெரியல. இது என்னென்ன பண்ணும்? ஒவ்வொண்ணா சொல்லு. கேட்டுட்டுச் சொல்றேன்."

நீ சொன்னாய். வாழையிலைக்கு முன்னால் முழந்தாளிட்டு, ஒரு விரலால்கூடத் தொடாமல், சுட்டிக்காட்டிச் சொன்னாய். நேற்றுப் பேத்தியின் தாள்களைப் படித்தபோது உன் குரல்தான் எனக்குக் கேட்டது. மெஷின் என்பது வெறும் இரும்பும் கம்பியும். அதற்குச் சுயமாக ஒன்றும் தெரியாது. நம் வீட்டுத் தையல் மெஷின்கூட யாரும் மிதிக்காவிட்டால் சும்மாதான் நிற்கும், ஆனால் மிதித்தால் தைக்கவாவது தெரியும். அந்த மெஷினுக்கு அதுகூடத் தெரியாது. முதலில் போகிற இந்தக் கொஞ்சம் அட்டைகள், அதற்குள் முன்னால் யாரோ விட்டுப்போன கணக்கை எல்லாம் துடைத்து, அடுத்து வருவதை வாங்கிக்கொள்ளத் தயார் செய்கின்றன.

"வாசல் பெருக்கித் தண்ணி தெளிக்கற மாதிரி" என்றார் மாமியார்.

"அதேதாம்மா. அது நடக்கலைன்னா மத்தது எதுவும் உள்ள போகாது." அடுத்து, நடுவில் நிறைய இருக்கும் இவைதான் வேலை செய்கிறவை. ஆள் எத்தனை நாள் வந்தார், சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு அச்சடிக்கச் சொல்பவை. இது சம்பளத்துக்கு. வேறொருவர் வேறு வேலைக்கு எழுதினால் வேறு கட்டு. மெஷின் ஒன்றுதான், வாசல் தெளிப்பதும் ஒன்றுதான், நடுவில் இருப்பது மட்டும் மாறும். சட்டைக்கு ஒரு வெட்டு, ரவிக்கைக்கு ஒரு வெட்டு என்று நான் சொன்னதை நீ ஒப்புக்கொண்டாய். ஓரமாகக் கிடந்த சிலவற்றைக் காட்டி, இவை தாமாக எந்தக் கணக்கும் போடாது, கலைந்ததை அடுக்கும், ஒன்றைப் பார்த்து அதே போல இன்னொன்று எடுக்கும், எங்காவது நின்றுபோனால் உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடித்துக் காட்டும் என்றாய்.

"முறம், துடைப்பம், சல்லடை" என்றார் மாமியார். இப்போது அவருக்கே சுவாரசியம் பிடித்துவிட்டது. "நீ எழுதறது அதுக்கு எப்படிப் புரியுது? நீ இங்கிலீஷ்ல எழுதற. அதுக்கு இங்கிலீஷ் வருமா?"

வராது என்றாய். அதற்குத் தெரிந்தது அதன் சொந்த பாஷை மட்டும். நீ எழுதியதை அந்த பாஷைக்கு மாற்றுவதற்கென்றே மெட்ராஸில் தனியாக ஒரு பெரிய கட்டு இருக்கிறது, அதுவும் ஒரு புரோகிராம்தான், உன் கட்டும் முன்பே ஆபீஸ் தபாலில் மெட்ராஸ் போய், அதன் வழியாக மாறி வந்ததுதான் என்றாய்.

"நம்ம தெருவுல வடக்கத்தி யாத்திரைக்காரங்களைக் கூட்டிக்கிட்டுப் போவாரே ஒருத்தரு, அவங்க பேசறதை நமக்கும் நாம பேசறதை அவங்களுக்கும் சொல்லிக்கிட்டு. அவரு மாதிரி."

பேத்தியின் தாளில் இவை எல்லாவற்றுக்கும் பெயர் இருக்கிறது. சிஸ்டம் சாஃப்ட்வேர், அப்ளிகேஷன் சாஃப்ட்வேர், யூட்டிலிட்டி, கம்பைலர். ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குக் கட்டம் அம்பு. எனக்கு ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் வாழையிலையில் ஒரு வரிசை தெரிந்தது.

மாமியார் வாழையிலைகளைப் பார்த்தபடி கேட்டார்: "இது இங்கயே இருந்தா எதுனா வேலை செய்யுமா?"

"செய்யாதும்மா. அந்த மெஷின்கிட்ட போனாத்தான்."

"அப்ப இது இன்னும் ஆயுதமே ஆகல. போய் ஆகட்டும். எடு."

அட்டைக்கு வழி பிறந்தது. ஆனால் ஈரத்தை எப்படிப் போக்குவது? வெயிலில் வைத்தால் வளைந்துவிடும். சூடாக, தட்டையாக அழுத்த வேண்டும். அதற்கு வேண்டியது பொட்டு வைத்துக்கொண்டு சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற இஸ்திரிப் பெட்டி. அதை ஆயுதம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டதே அதுதான். நான் மாமியாரைப் பார்த்தேன். நீயும் பார்த்தாய்.

அவர் எழுந்தார். முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டார். நேராகப் போய்த் தன் கையாலேயே பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார்.

"எடுத்தது நானு. கேக்கறதுன்னா என்கிட்ட கேக்கட்டும்."

அன்றைய மத்தியானத்தை நான் எத்தனை வயதானாலும் மறக்கமாட்டேன். மாமியார் கரியைக் கனியவைத்துக் கொடுத்தார். நீ ஒவ்வோர் அட்டையாக எடுத்து, சந்தனத்தை நகத்தால் சுரண்டி, முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாய். ஓட்டைகளின் வழியாக வெயில் உன் முகத்தில் பொட்டுப் பொட்டாக விழும். அடைத்திருந்தால் என்னிடம் தருவாய். காஜா ஊசியால், ஓட்டையின் விளிம்பு பிசிறாமல் நான் எடுத்துக் கொடுப்பேன். பிறகு கீழே ஒரு வேட்டி, மேலே ஒரு வேட்டி, நடுவில் அட்டை, அதன்மேல் பெட்டி. சூடு கூடினால் பழுத்துவிடும், குறைந்தால் ஈரம் போகாது. பட்டுக்கு எந்தச் சூடோ அதையே வைத்தேன். எழும்பிய வாசனை, சூடான காகிதமும் சந்தனமும் கலந்தது. அதற்கு முன்னாலும் பின்னாலும் அந்த மாதிரி ஒரு வாசனையை நான் முகர்ந்ததில்லை. வரிசைக்கு மட்டும் நீ கவலைப்படவில்லை. கட்டின் மேல்விளிம்பில் குறுக்காக ஒரு பென்சில் கோடு இழுத்து வைத்திருந்தாய். அட்டைகளை அடுக்க அடுக்க, உடைந்து கிடந்த கோடு மெல்ல ஒன்றாகிக்கொண்டே வந்தது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். உனக்கும் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். கோடு ஒன்றாகிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க என் கை மெதுவானது. இது முழுசானால் நீ போய்விடுவாய். ஞாயிற்றுக்கிழமை வராது. பெட்டியை ஓர் அட்டைமேல் கொஞ்ச நேரம் மறந்துவிட்டால் போதும். யாரும் என்னை ஒன்றும் சொல்லப் போவதில்லை. மணப்பாறை பஸ்ஸில் போய் வருகிற தூரம். நீ பண்டிகைக்குப் பண்டிகை பிள்ளைகளோடு வருவாய். பெட்டி என் கையில்தான் இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நீ ஓர் அட்டையை வெயிலில் பிடித்துக்கொண்டு, பழைய பள்ளிக்கூடத்து முகத்தோடு, வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாய். நான் பெட்டியை எடுத்துவிட்டேன்.

ஓர் அட்டைகூடப் பழுக்கவில்லை. என் கைவேலையில் எனக்குப் பெருமை உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். சட்டை, ரவிக்கை, காஜா எத்தனையோ. ஆனால் அந்த மத்தியானத்து வேலை போல எதுவும் இல்லை.

புறப்படும்போது மாமியார் உன்னை நிறுத்தினார். எல்லாவற்றையும் எடுத்துப் போனால் நாளைக்குப் புனர்பூஜைக்கு உன் பேரில் என்ன இருக்கும், ஒன்றாவது விட்டுப் போ என்றார். நீ உன் துணிப்பெட்டிக்குள் தேடி, ஓட்டையே போடாத ஒரு வெற்று அட்டையை எடுத்துக் கொடுத்தாய். அவருக்குத் திருப்தியில்லை. "இதுல ஒண்ணுமே இல்லையே. இதைப் போட்டா மெஷின் ஏமாந்துடாதா?"

"ஏமாறாதும்மா. காலின்னு படிச்சுட்டு அடுத்ததைக் கேக்கும்" என்றாய்.

பஸ் ஏறும்போது நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய், சூடு பட்ட விரல்களை. போயிட்டு வரேன் என்று சொன்னாய். நான் போய்ட்டு வா என்றேன். நம் ஊரில் எல்லோரும் சொல்கிறதுதான்.

ஒரு கார்டு வந்தது. எல்லாம் உள்ளே போயிற்று, ஒன்றும் சிக்கவில்லை, கணக்கு சரியாக வந்தது, வேலை கிடைத்துவிட்டது. மெஷினை ஓட்டுகிறவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, எங்கிருந்தம்மா சந்தன வாசனை என்று கேட்டாராம். கடைசி வரியில், அம்மா சௌக்கியமா என்று கேட்டிருந்தாய். அந்த வருஷம் முழுக்க எழுதிய ஒவ்வொரு கார்டிலும் அதைக் கேட்டாய். ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அந்த வருஷம் முழுக்க அவர் தும்மினால்கூடப் பயந்தேன். அடுத்த ஆயுத பூஜைக்கு அவரே உட்கார்ந்து சந்தனம் இழைத்தபோதுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்குப் பிறகும் பேரன் பேத்திகளைத் தூக்கி வளர்க்கிற வரைக்கும் இருந்தார். உன்னைப் பற்றி யார் கேட்டாலும், "அவ புரோகிராமுக்குப் பொட்டு வச்சவ நான்தான்" என்பார்.

நீ வந்தாய், வராமலில்லை. முதலில் கிறிஸ்துமஸுக்குக் கேக்கோடு. பிறகு உன் அம்மாவின் அடக்கத்துக்கு. பிறகு உன் வீட்டுக்காரரோடு ஒரு தடவை. அவரும் உன்னோடு வேலை பார்த்தவர், பாவம், நல்ல மனுஷர், என் வத்தக்குழம்புக்குக் கண்ணில் நீர் விட்டார். வேலையில் நீ மேலே மேலே போனாய். கார்டு நின்று போன் வந்தது. போனில் உன் குரல் எப்போதும் அவசரமாக இருக்கும், என் குரல் எப்போதும் சத்தமாக இருக்கும். நேரில் பேசிக்கொள்ளலாம் என்று நிறைய விஷயங்களைத் தள்ளித் தள்ளி வைத்தோம். போன மாசிக்கு முந்தைய மாசியில், நீ போய்விட்டாய் என்று சொல்ல உன் மகன் போன் செய்தான். "ஸ்ரீரங்கத்து ஆன்ட்டியா?" என்று கேட்டான். உன் வீட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

வெற்று அட்டை இங்கேதான் இருக்கிறது. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு மாமியார் அதை வைத்தார், அவருக்குப் பிறகு நான் வைக்கிறேன். பழைய பொட்டின்மேலேயே புதுப் பொட்டு. நடுவில் சந்தனம் மண்டித் தடித்துப் போயிருக்கிறது, இனி எந்த மெஷினும் அதை வாங்காது. ஓரம் பழுப்பாகிவிட்டது, வெட்டிய மூலை மட்டும் அப்படியே இருக்கிறது. போன வருஷம் பேத்தி தன் கம்ப்யூட்டரையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அதற்கு ஈரச் சந்தனம் கூடாது என்று நானே தடுத்து, மூடியின் ஓரத்தில் துளி குங்குமம் மட்டும் வைத்தேன். அவளுக்கு ஆச்சரியம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நேற்றுக் காபியைக் குடித்துவிட்டு அவள் மறுபடி தேய்க்கப் போனபோது, ஒரு தாளின் ஓரம் லேசாகப் பழுத்துவிட்டது. கம்பைலர் படம் அது. முகம் வாடிப்போய், "இன்னும் பாதி இருக்கு பாட்டி" என்றாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். கீழே ஒரு வேட்டி, மேலே ஒரு வேட்டி. பட்டுக்கு எந்தச் சூடோ அந்தச் சூடு. இந்த வீட்டில் இப்போது நாங்கள் இரண்டு பேர்தான். கோயமுத்தூர் ஒன்றும் பக்கத்தில் இல்லை. பெட்டி மறுபடி என் கையில்தான் இருந்தது.

மிச்சம் இருந்த எல்லாத் தாள்களையும் தேய்த்து, வரிசை பார்த்து அடுக்கி, அவளிடம் கொடுத்தேன். ஒன்றுகூடப் பழுக்கவில்லை. உனக்குச் சொல்ல வேண்டும் போலிருந்தது.